பாடகர் குழு ஸ்கோர்: எழுதிய டைனமிக் குறிகள் ஒலிப்பதிவில் கேட்பதில்லை (மியூஸ்ஸ்கோர் 3.6.2)

ஆல்ட்டோவரிசை | நவம்பர் 9, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவுக்காக, கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடவிருக்கும் நான்கு குரல் பாடல் ஒன்றை ஆர்கன் துணையுடன், இசை எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் எழுதி வருகிறேன். குழுவில் 32 பேர் இருக்கிறார்கள். ஐந்து கோட்டு நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர்கள் ஏழு பேர்தான். பாதிக்கு மேற்பட்டோர் டோனிக் சோல்ஃபா (சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறை) பார்த்துப் பாடுகிறார்கள், மீதிப் பேர் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி ஒலிக்கோப்பு தயாரித்து வாட்ஸப் குழுவில் போடுவது என் வழக்கம். ஒலிக்கோப்பில் டைனமிக், அதாவது மென்மையும் உரப்பும், சரியாக இல்லாவிட்டால் அவர்கள் பாடுவதிலும் இருக்காது என்பதால்தான் இவ்வளவு கவலைப்படுகிறேன்.

பிரச்சினைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 17 முதல் 20 வரையுள்ள பார்களில் (தாளக் கட்டங்களில்) சோப்ரானோ ஒரே சுரத்தை நான்கு முழு நோட்டுகளாக, டை என்ற இணைப்புக் கோடு போட்டு இழுத்துப் பாட வேண்டும். அதன் கீழே பியானோவிலிருந்து (மென்மை) ஃபோர்ட்டே (உரப்பு) வரை ஹேர்பின், அதாவது படிப்படியான ஏற்றத்தைக் காட்டும் விரியும் கோடு, வரைந்திருக்கிறேன், ஆனால் ஒலிப்பதிவில் அந்தச் சுரம் தொடங்கிய அளவிலேயே முடிகிறது. 9ஆம் பாரில் "கிரெஷ்." (கிரெஷெண்டோ, படிப்படியாக உரக்க) என்று எழுதியும் எந்த மாற்றமும் இல்லை. மெஸ்ஸோ ஃபோர்ட்டேவுக்கும் (நடுத்தர உரப்பு) ஃபோர்ட்டேவுக்கும் என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. சோப்ரானோவும் ஆல்ட்டோவும் ஒரே ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரிசையில்) இருப்பதால், ஆல்ட்டோவுக்கு மட்டும் என்று போட்ட பியானோ குறி சோப்ரானோவையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. திருச்சபை மடிக்கணினி பழையது, 4ஆம் பதிப்பு அதில் திணறுகிறது, எனவே 3.6.2 பதிப்பிலேயே இருக்கிறேன்.

விசைப்பலகையர் | நவம்பர் 9, இரவு 10.15

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை சத்தமே வராமல் போனபோது அப்படித்தான் சரியானது.

நான்காம்தந்தி | நவம்பர் 9, இரவு 11.05

சத்தமே வராததும் சத்தத்தின் அளவு மாறாததும் ஒரே நோய் அல்ல. மறுபடி நிறுவினால் ஒரு மாலைப்பொழுது போவதைத் தவிர வேறு பயன் இராது.

சகோதரி, உங்கள் நான்கு பிரச்சினைகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு என்று நினைக்கிறேன், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் ஒரு சோதனை. 9ஆம் பாரில் உள்ள "கிரெஷ்." என்பதைச் சொடுக்கிவிட்டு, வலப்பக்கத்தில் பண்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டரில் அதன் வகை என்னவென்று பாருங்கள். அது "ஸ்டாஃப் டெக்ஸ்ட்" என்று இருந்தால், மென்பொருளைப் பொறுத்தவரை அது "இங்கே மூச்சு விடவும்" என்று எழுதி வைத்ததற்குச் சமமான வெறும் எழுத்துத்தான். கண்ணுக்குக் கிரெஷெண்டோவாகத் தெரிவது மென்பொருளுக்கு அப்படித் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. குறிகள் அடுக்கியிருக்கும் பேலட்டில் கோடுகள் பகுதியில் இருக்கும் கிரெஷெண்டோ கோட்டை இழுத்துப் போட்டால் மட்டுமே அதற்கு ஒலி உண்டு. அதேபோல பியானோ, ஃபோர்ட்டே குறிகள் ஒவ்வொன்றையும் சொடுக்கி, அவை "டைனமிக்ஸ்" வகைதானா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆல்ட்டோவரிசை | நவம்பர் 10, காலை 6.20

பார்த்தேன், ஐயா. "கிரெஷ்." என்பது ஸ்டாஃப் டெக்ஸ்ட்தான், அதை நானே தட்டச்சு செய்தது நினைவிருக்கிறது. ஆனால் நான் தட்டச்சு செய்யாத குறிகளிலும் 11 குறிகள் அப்படியே இருக்கின்றன. சாய்ந்த தடித்த எழுத்தில், அசல் பியானோ குறி போலவே தோன்றுகின்றன. பாடலின் முதல் பகுதியை எனக்கு முன் குழுவை நடத்தியவர் வேறொரு மென்பொருளில் எழுதி வைத்திருந்தார், அதை மியூசிக்எக்ஸ்எம்எல் (இசை மென்பொருள்களுக்கிடையே ஸ்கோரைப் பரிமாறும் வடிவம்) கோப்பாக வாங்கித்தான் திறந்தேன். அந்தப் பகுதியில்தான் இந்த 11 குறிகளும் இருக்கின்றன.

நான்காம்தந்தி | நவம்பர் 10, காலை 8.30

திருடன் அங்கேதான் இருக்கிறான். மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பில் டைனமிக் குறிக்கென்று ஓர் உறுப்பும், சொற்களுக்கென்று வேறோர் உறுப்பும் உண்டு. முந்தையவர் தம் மென்பொருளில் குறிகளை எழுத்தாகவே அடித்து வைத்திருந்தால், ஏற்றுமதியில் அவை சொற்கள் என்ற உறுப்புக்குள் போய் உட்கார்ந்துவிடும், திறக்கும் மென்பொருளும் அவற்றைச் சொற்களாகவே காட்டும். ஃபினாலே என்ற இசை எழுதும் மென்பொருளின் மேம்பாடு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டதிலிருந்து பலர் தம் பழைய கோப்புகளை இந்த வழியாகத்தான் இடம் மாற்றுகிறார்கள், ஆகவே இந்தச் சோதனையை எல்லோரும் செய்துகொள்வது நல்லது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்தக் கோப்பு வடிவத்தில் ஒலியின் அளவையும் எண்ணாகக் குறித்து அனுப்ப முடியும். அந்த எண், ஃபோர்ட்டேயின் இயல்பளவாகக் கொள்ளப்படும் 90 என்ற வெலாசிட்டியில் (சுரத்தின் அழுத்தத்தைக் குறிக்கும் எண்) எத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. மியூஸ்ஸ்கோர் 3இல் ஃபோர்ட்டே 96. எனவே இறக்குமதி செய்த குறியும் நீங்கள் புதிதாகப் போட்ட குறியும் ஒரே எழுத்தாக இருந்தாலும் எண்ணில் சிறிது வேறுபடலாம். இன்ஸ்பெக்டரில் வெலாசிட்டி என்ற இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த 11 குறிகளையும் அழித்துவிட்டுப் பேலட்டிலிருந்து புதிதாகப் போடுவதே சுத்தமான வழி.

ஆல்ட்டோவரிசை | நவம்பர் 10, இரவு 8.55

மாற்றிவிட்டேன். 9ஆம் பாரில் கிரெஷெண்டோ கோடு போட்டேன், ஆனால் அது மட்டும் இன்னும் அசையவில்லை. அதற்குப் பின் நான்கு பார்களுக்கு எந்தக் குறியும் இல்லை, மறுபடியும் மென்மையாக வந்துவிட வேண்டும் என்பதைப் பயிற்சியில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

நான்காம்தந்தி | நவம்பர் 10, இரவு 9.30

எங்கிருந்து என்று சொன்னீர்கள், எது வரை என்று சொல்லவில்லை. 3ஆம் பதிப்பில் ஹேர்பினோ கிரெஷெண்டோ கோடோ முடியும் இடத்தில் ஒரு டைனமிக் குறி இருந்தால் மென்பொருள் இரண்டு எண்களுக்கும் இடையே படிப்படியாக ஏற்றும். முடிவுக்குறி இல்லையென்றால், அந்தக் கோட்டின் பண்புகளில் வெலாசிட்டி மாற்றம் எவ்வளவு என்று நீங்களே எண் கொடுத்தாலன்றி அது சும்மா கிடக்கும். 4ஆம் பதிப்பில் முடிவுக்குறி இல்லாவிட்டாலும் ஒரு படி ஏற்றியோ இறக்கியோ ஒலிக்கிறது.

அச்சில் காட்ட விரும்பாத முடிவுக்குறியைப் போட்டுவிட்டு, அதைத் தேர்ந்தெடுத்து "வி" விசையை அழுத்தினால் அது மறைந்துவிடும். மறைந்த குறியும் ஒலிக்கும்.

காதேதாளம் | நவம்பர் 11, காலை 7.10

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மறைத்து வைத்த குறிகளைப் பற்றி எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. பிறர் எழுதிய ஸ்கோர் ஒன்றை வாங்கி நான்கு பார்களை வெட்டி வேறிடத்தில் ஒட்டினேன். ஒட்டிய இடத்திலிருந்து இசை முழுவதும் காரணமே இல்லாமல் பியானிஸ்ஸிமோவுக்கு (மிக மென்மை) இறங்கிவிட்டது. மறைந்திருந்த குறி ஒன்று கூடவே வந்திருந்ததைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. ஸ்கோர் என்பது பாடுபவர் படிப்பதற்கு, ஒலிப்பதிவு என்பது சுரம் சரியா என்று பார்ப்பதற்கு. கணினி நன்றாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஸ்கோருக்குள் சுரங்கம் தோண்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஆல்ட்டோவரிசை | நவம்பர் 11, காலை 7.45

உங்கள் கருத்தை மதிக்கிறேன், சார். ஆனால் எங்கள் பேஸ் வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் தாத்தா. கண்ணில் புரை இருப்பதால் தாளைப் பார்ப்பதே இல்லை, பேரன் கைபேசியில் ஒலிக்கோப்பைப் போட்டுவிட, நாற்காலியில் சாய்ந்து கேட்டுக் கேட்டே படிப்பார். சென்ற ஆண்டு ஈஸ்டர் பாடலுக்கு நான் அனுப்பிய கோப்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவில் இருந்தது, அவரும் அப்படியே ஒரே அளவில் பாடினார். "இந்த இடத்தில் மென்மையாக, தாத்தா" என்று சொன்னதற்கு, "நீ அனுப்பியதில் அப்படி இல்லையே, அம்மா" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்கு ஸ்கோர் என்பதே அந்த ஒலிக்கோப்புதான்.

காதேதாளம் | நவம்பர் 11, காலை 8.00

அப்படியானால் அச்சுக்கு ஒரு கோப்பு, ஒலிக்கு ஒரு கோப்பு என்று பிரித்துவிடுங்கள். ஒரே கோப்பில் இரண்டையும் செய்ய வேண்டாம் என்பதே என் வாதம்.

நான்காம்தந்தி | நவம்பர் 11, இரவு 10.20

பிரிப்பதில் ஒரு விலை உண்டு: பின்னால் ஒரு சுரத்தைத் திருத்தினால் இரண்டு கோப்புகளிலும் திருத்த வேண்டும், ஒன்றில் மறந்துபோவீர்கள். அதை அவரவர் முடிவுக்கு விடுகிறேன்.

இப்போது 17ஆம் பாருக்கு வருகிறேன், இது கொஞ்சம் நீளமாகப் போகும். மின்னணு இசைக்கருவிகளுக்கும் கணினிக்கும் இடையே இசைச் செய்திகளை அனுப்பும் மிடி என்ற தரம் 1983இல் வெளிவந்தது. அதில் ஒரு சுரத்தைத் தொடங்கும் செய்தியுடன் வெலாசிட்டி என்ற எண் ஒன்று செல்கிறது, அதன் உச்சம் 127. விசையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதே அதன் பொருள். அழுத்திய பிறகு அந்த எண்ணை மாற்ற வழியில்லை, அடுத்த சுரம் தொடங்கும்போதுதான் புதிய எண் பிறக்கும். கால் நோட்டுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் ஹேர்பின் போட்டால் 49, 55, 61 என்று ஒவ்வொரு சுரத்துக்கும் எண் கூடிக்கொண்டே போகும், காதுக்கும் ஏற்றம் தெரியும். நீங்கள் போட்டிருப்பதோ டை போட்ட நான்கு முழு நோட்டுகள். மிடிக்கு அது ஒரே ஒரு தொடக்கம் கொண்ட ஒரே ஒரு சுரம். பியானோ அளவில், அதாவது 49இல் தொடங்கியது 49லேயே முடிகிறது. ஹேர்பின் ஏறச் சொல்கிறது, ஏறுவதற்குப் படி இல்லை.

ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தின் அளவை மாற்ற வேண்டுமென்றால் கண்ட்ரோலர் எனப்படும் வேறு வகைச் செய்தி வேண்டும். 11 என்பது எக்ஸ்பிரஷன், 2 என்பது காற்று வாத்தியங்களுக்கான மூச்சுக் கட்டுப்பாடு, 1 என்பது மாடுலேஷன் சக்கரம். மியூஸ்ஸ்கோரில் 2019இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து ஒரே சுரத்துக்குள் டைனமிக் மாறும் வசதி இருக்கிறது, இயல்பாக அது 2ஆம் எண்ணைப் பயன்படுத்துகிறது. இது வேலை செய்ய மூன்று இடங்களில் பொருத்தம் வேண்டும். ஸ்டாஃப் பண்புகளில் ஒற்றைச் சுர டைனமிக் வசதி குறியிடப்பட்டிருக்க வேண்டும். மிக்சரில் அந்தக் குரலுக்குத் தேர்ந்தெடுத்த ஒலியின் பெயரில் "எக்ஸ்பிர." என்ற ஒட்டு இருக்க வேண்டும், நீடித்து ஒலிக்கும் ஒலிகள் பலவற்றுக்கு அப்படி ஓர் இணை உண்டு. மூன்றாவதாக, சிந்தசைசர் சாளரத்தில் தேர்ந்தெடுத்த கண்ட்ரோலர் எண்ணுக்கு உங்கள் சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகளின் தொகுப்புக் கோப்பு) செவிசாய்க்க வேண்டும். மென்பொருளுடன் வரும் சவுண்ட்ஃபான்ட்டில் அந்த "எக்ஸ்பிர." ஒலிகள் 2ஆம் எண்ணுக்கென்றே அமைக்கப்பட்டவை. நன்றாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள் என இணையத்திலிருந்து வேறொன்றை இறக்கிப் போட்டிருந்தால், அது 2ஆம் எண்ணைக் கண்டுகொள்ளாமல் போகலாம், அப்போது 11ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். சவுண்ட்ஃபான்ட் தரத்திலேயே 11க்கு இயல்பான பொருள் வரையறுக்கப்பட்டிருக்கிறது, 2க்கு இல்லை.

ஆல்ட்டோவரிசை | நவம்பர் 12, காலை 6.05

நான் வேறு சவுண்ட்ஃபான்ட்தான் போட்டிருந்தேன்! பாடகர் ஒலி இனிமையாக இருக்கிறது என்பதற்காக. 11க்கு மாற்றியவுடன் 17ஆம் பார் மெல்ல மெல்ல எழுந்தது. இரவு ஒரு மணிக்குக் கேட்டுவிட்டு வீட்டில் எல்லோரையும் எழுப்பப் பார்த்தேன்.

வெள்ளைக்கட்டை | நவம்பர் 12, மாலை 4.30

பியானோ ஆசிரியையாக ஓர் எச்சரிக்கை சொல்ல விரும்புகிறேன். நான்காம்தந்தி ஐயா சொன்ன வசதியைக் கண்டு மகிழ்ந்துபோய், யாரும் அதைப் பியானோ வாத்தியத்துக்குப் போட்டுவிட வேண்டாம். (குறிக்கும் வாத்தியத்துக்கும் ஒரே பெயர் என்பதால் வகுப்பில் எனக்குத் தினமும் ஒரு குழப்பம் உண்டு.) சுத்தியல் கம்பியைத் தட்டிய பிறகு அந்த ஒலி தேய மட்டுமே செய்யும், வளராது. என் மாணவர் ஒருவர் முழு நோட் கோர்டு ஒன்றின் கீழே ஹேர்பின் வரைந்து, ஒலி வளரும்படி கண்ட்ரோலரையும் அமைத்துக்கொண்டு வந்தார். கணினியில் அது பியானோவும் ஆர்கனும் பிறப்பித்த ஏதோ ஒன்றைப் போல ஒலித்தது. "இதை வாசித்துக் காட்டு" என்று ஸ்டூலை நகர்த்திவிட்டேன்.

அதற்காகப் பியானோ இசையில் இப்படிப்பட்ட குறிகளே வராது என்றும் சொல்ல முடியாது. பீத்தோவன் 1799இல் வெளியிட்ட "பத்தேத்திக்" சொனாட்டா, ஓபஸ் 13, ஃபோர்ட்டே-பியானோ என்ற கூட்டுக்குறியுடன் ஒரு சி மைனர் கோர்டில்தான் தொடங்குகிறது. உரக்கத் தொடங்கி உடனே மென்மைக்குப் போ என்பது அதன் பொருள். ஒரே கோர்டுக்குள் அதை எப்படி நிறைவேற்றுவது என்பதில் பியானோ வாசிப்பவர்கள் பலவிதமாக முயல்கிறார்கள். ஃபோர்ட்டேயில் தட்டிவிட்டு ஒலி தானாகத் தேயக் காத்திருந்து, அடுத்து வரும் கோர்டுகளைப் பியானோவில் எடுப்பது எளிய வழி. மியூஸ்ஸ்கோர் 3 இந்தக் குறிக்கு 96இல் தொடங்கி 47ஐக் கழிக்கிறது, மிச்சம் 49, அதாவது அதன் பியானோ குறிக்குரிய அதே எண். வயலினுக்கு இது ஒரு சுரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். பியானோவுக்கு வெலாசிட்டி மட்டும் போதும், கண்ட்ரோலர் வேண்டாம். மென்பொருள் சரியாக ஒலிக்கிறது என்று சொல்வதற்கு முன் அந்த வாத்தியத்தால் அது முடியுமா என்று கேட்டுக்கொள்வது என் பழக்கம்.

டெசிபல்தாசன் | நவம்பர் 12, இரவு 11.50

மெஸ்ஸோ ஃபோர்ட்டேவுக்கும் ஃபோர்ட்டேவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்ற கேள்வியை இதுவரை யாரும் தொடவில்லை. அதில் உங்கள் காது பொய் சொல்லவில்லை என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன்.

மியூஸ்ஸ்கோர் 3இல் குறிகளின் வெலாசிட்டி இவை: மூன்று பி கொண்ட குறி 16, பியானிஸ்ஸிமோ 33, பியானோ 49, மெஸ்ஸோ பியானோ 64, மெஸ்ஸோ ஃபோர்ட்டே 80, ஃபோர்ட்டே 96, ஃபோர்ட்டிஸ்ஸிமோ 112, மூன்று எஃப் கொண்ட குறி 126. பார்ப்பதற்குப் பதினாறு பதினாறாகச் சமமாக ஏறும் படிக்கட்டு. ஆனால் சவுண்ட்ஃபான்ட் தரத்தின் இயல்பான விதிப்படி ஒலியின் வீச்சு, வெலாசிட்டியை 127ஆல் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்துக்கு இணையாக மாறுகிறது. அதை டெசிபலாக்கினால் படிகளின் உயரம் சமமாக இருப்பதில்லை. பியானிஸ்ஸிமோவிலிருந்து பியானோவுக்கு ஏறக்குறைய 7 டெசிபல். பியானோவிலிருந்து மெஸ்ஸோ பியானோவுக்கு நாலரைக்குச் சற்று மேல். மெஸ்ஸோ ஃபோர்ட்டேவிலிருந்து ஃபோர்ட்டேவுக்கு ஏறக்குறைய 3 மட்டுமே. ஃபோர்ட்டேவிலிருந்து ஃபோர்ட்டிஸ்ஸிமோவுக்கு 3ஐயும் எட்டாது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில், சமையலறையில் குக்கர் விசிலுக்கு இடையே கேட்கும்போது 3 டெசிபல் எங்கே தெரியப்போகிறது? மனிதர்கள் ஃபோர்ட்டேயில் பாடும்போது குரலின் நிறமும் மாறுவதால் நாம் உடனே உணர்கிறோம். ஒரே அடுக்கில் பதிவு செய்த பாடகர் ஒலியில் அந்த நிறமாற்றம் இல்லை, அளவு மட்டுமே மாறுகிறது.

என் யோசனை: ஒலிக்கோப்புக்கு மட்டும் எண்களை அகலப்படுத்துங்கள். இன்ஸ்பெக்டரில் பியானோவை 40, மெஸ்ஸோ ஃபோர்ட்டேவை 72, ஃபோர்ட்டேவை 100 என்று மாற்றினால், வெலாசிட்டியால் ஒலிக்கும் குரல்களில் கடைசி இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 6 டெசிபல் கிடைக்கும். ஒரு குறியை வலச்சொடுக்கி ஒரே மாதிரியான அனைத்தையும் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அது எல்லா டைனமிக் குறிகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிடக்கூடும், ஃபோர்ட்டே மட்டும்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணை அடியுங்கள்.

விசைப்பலகையர் | நவம்பர் 13, காலை 9.00

ஏற்றுமதி செய்யும்போது "நார்மலைஸ்" என்ற தேர்வு இருப்பதாலும் எல்லாம் ஒரே அளவாகிவிடும் அல்லவா? அதை எடுத்துவிட்டால் போதாதா?

டெசிபல்தாசன் | நவம்பர் 13, காலை 9.40

இல்லை. அது கோப்பின் உச்ச ஒலியைப் பார்த்து, கோப்பு முழுவதையும் ஒரே அளவால் பெருக்குகிறது. மென்மையான இடமும் உரத்த இடமும் சேர்ந்தே உயர்வதால் இடைவெளி மாறாது. இடைவெளியைக் குறைப்பது கம்ப்ரெஷன் என்ற வேறு வேலை. ஆனால் நார்மலைஸ் செய்வதில் இந்தக் குழுவுக்கு ஒரு விளைவு உண்டு: பேஸ் கோப்பையும் சோப்ரானோ கோப்பையும் தனித்தனியாக நார்மலைஸ் செய்தால், இரண்டு குரல்களுக்கும் இடையே நீங்கள் வைத்திருந்த சமநிலை கோப்புகளில் இருக்காது. தனிக் குரலைக் கற்கும் கோப்புக்கு அது பரவாயில்லை.

ஆல்ட்டோவரிசை | நவம்பர் 13, இரவு 10.10

எண்களை மாற்றினேன், வித்தியாசம் உடனே தெரிந்தது. இனி மிஞ்சியிருப்பது ஆல்ட்டோ. குறியின் வரம்பை ஸ்டாஃப், பார்ட், சிஸ்டம் என்று மாற்றிப் பார்த்தேன், குரல் என்ற தேர்வே இல்லை. இரண்டாம் குரலின் சுரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, வெலாசிட்டி ஆஃப்செட்டில் எதிர்மறை எண் கொடுத்தால் 17ஆம் பாருக்கு முன்பு வரை ஆல்ட்டோ இறங்குகிறது. 17ஆம் பாரிலோ சோப்ரானோ எழும்போது ஆல்ட்டோவும் கூடவே எழுகிறது. அங்கே ஆல்ட்டோ மென்மையாகவே நிற்க வேண்டும், அதுதான் அந்த இடத்தின் அழகே.

நான்காம்தந்தி | நவம்பர் 13, இரவு 11.30

17ஆம் பாருக்கு நாம் கொடுத்த மருந்தின் பக்கவிளைவு இது. வெலாசிட்டி சுரத்துக்குச் சுரம் தனித்தனியானது. கண்ட்ரோலர் அப்படியல்ல, அது மிடி சேனல் முழுவதற்கும் பொதுவானது. உங்கள் இரண்டு குரல்களும் ஒரே ஸ்டாஃபில், ஒரே சேனலில் ஓடுகின்றன. 11ஆம் எண் ஏறும்போது அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாமே ஏறும், அதில் ஆல்ட்டோவுக்கு மட்டும் விலக்கு கேட்க முடியாது.

4.4 பதிப்பிலிருந்து ஒரு டைனமிக் குறி வாத்தியம் முழுவதற்கா, அந்த ஸ்டாஃபுக்கா, அந்தக் குரலுக்கு மட்டுமா என்று தேர்ந்தெடுக்க முடிகிறது. உங்கள் மடிக்கணினிக்கு அது ஒத்துவராது என்பதால், நான்கு குரல்களையும் நான்கு ஸ்டாஃபுகளாக, நான்கு தனி வாத்தியங்களாகப் பிரித்துவிடுவதே வழி. ஒரு மாலை வேலைதான். பிரித்தால் ஒவ்வொரு குரலுக்கும் தனிச் சேனல், தனி ஹேர்பின், மிக்சரில் தனி அளவு. தனிக் குரல் கோப்பு எடுக்கவும் மற்ற மூன்றையும் மியூட் செய்தால் போதும். காதேதாளம் சொன்ன இரண்டு கோப்பு யோசனை இங்கே தானாகவே பொருந்திவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காதேதாளம் | நவம்பர் 14, காலை 6.50

ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இதைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

வில்லும்கோடும் | நவம்பர் 14, பகல் 1.15

டோரிகோ என்ற இசை எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்காக ஒரு குறிப்பை இங்கேயே விட்டுச் செல்கிறேன், ஏனென்றால் அடிப்படை ஒன்றுதான். அதில் டைனமிக் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை எக்ஸ்பிரஷன் மேப் என்ற அமைப்புப் பட்டியல் தீர்மானிக்கிறது. தந்தி வாத்திய ஒலித்தொகுப்புகள் பலவற்றில் மென்மையாக வாசித்துப் பதிந்த அடுக்கும் உரக்க வாசித்துப் பதிந்த அடுக்கும் தனித்தனியாக இருக்கும், 1ஆம் கண்ட்ரோலர்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும். மேப் 11ஐ மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால், மென்மையாக வாசித்த வயலினின் சத்தத்தைக் கூட்டியது போலத்தான் இருக்குமே தவிர, வில்லை அழுத்தி இழுத்தது போல இருக்காது. ஏற்றம் கேட்கிறது ஆனால் உயிர் இல்லை என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

ஆல்ட்டோவரிசை | நவம்பர் 15, இரவு 9.25

நான்கு ஸ்டாஃபாகப் பிரித்துவிட்டேன். 17ஆம் பாரில் ஆல்ட்டோ நிற்கிறது, சோப்ரானோ எழுகிறது. இரண்டு சிறு கேள்விகள் மட்டும். ஆர்கன் ஸ்டாஃபில் போட்ட ஃபோர்ட்டேவுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. பாடல் இரண்டாம் முறை தொடக்கத்துக்குத் திரும்பும்போது, முன்பு ஃபோர்ட்டிஸ்ஸிமோவில் முடிந்திருந்தாலும், முதல் பார் மீண்டும் நடுத்தர அளவில் ஒலிக்கிறது.

வெள்ளைக்கட்டை | நவம்பர் 16, காலை 7.30

ஆர்கனில் விசையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி மாறாது, ஸ்டாப்புகளை (ஒலி வரிசைகளைத் திறக்கும் குமிழ்களை) கூட்டுவதாலும் ஸ்வெல் பெடலாலும்தான் அளவு மாறும். வெலாசிட்டிக்கு அசையாதபடி ஆர்கனை அமைத்த ஒலித்தொகுப்புகள் அந்த வாத்தியத்துக்கு உண்மையாகவே இருக்கின்றன. ஒலிக்கோப்பில் வேண்டுமானால் அதே 11ஐக் கொண்டு ஸ்வெல் பெடலைப் போலச் செய்துகொள்ளுங்கள்.

நான்காம்தந்தி | நவம்பர் 16, காலை 8.10

இரண்டாவது கேள்விக்கு: மென்பொருள் டைனமிக்கைத் தாளில் உள்ள வரிசைப்படி பார்க்கிறது, இசை சென்று வந்த வழியை நினைவில் வைப்பதில்லை. முதல் பாருக்கு முன் தாளில் எதுவும் இல்லாததால், குறி இல்லாத முதல் பார் எத்தனை முறை திரும்பினாலும் 80, அதாவது மெஸ்ஸோ ஃபோர்ட்டே. முதல் பாரில் ஒரு குறி போடுங்கள். இரண்டாம் முறை வேறு அளவு வேண்டுமென்றால், ஒலிக்கோப்புக்கான பிரதியில் ரிப்பீட்டைப் பிரித்து இரண்டு முறையும் முழுமையாக எழுதிவிடுங்கள்.

ஆல்ட்டோவரிசை | நவம்பர் 18, இரவு 10.00

எழுதிவிட்டேன். நேற்று பேஸ் கோப்பை அனுப்பினேன். இன்று பயிற்சிக்கு வந்த தாத்தா, 23ஆம் பாரில் எல்லோரும் ஃபோர்ட்டேயில் இருக்கும்போது தான் மட்டும் தணிந்து பாடினார். என் பிழை என்று நினைத்து வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தால், உண்மையிலேயே பேஸ் ஸ்டாஃபில் மட்டும் அந்தப் பாரில் ஒரு பியானோ குறி ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்தபோது ஆல்ட்டோவிலிருந்து தவறி வந்திருக்க வேண்டும். அழித்துவிட்டுப் புதிய கோப்பு அனுப்பியிருக்கிறேன்.

காதேதாளம் | நவம்பர் 18, இரவு 10.12

மறைந்த குறியா, தெரிந்த குறியா?

ஆல்ட்டோவரிசை | நவம்பர் 18, இரவு 10.15

மறைந்த குறிதான், சார்.